பழைய கைப்பேசியும் தம்பலகாமமும்

தம்பலகாமம் என்றதும் நமது நினைவுக்கு முதலில் வருவது நெல். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் அந்த வயல்வெளியைத் திருகோணமலைக்குப் புகைவண்டியில் போனவர் எவரும் மறந்திருக்க மாட்டார். அடுத்து நினைவுக்கு வருவது ஆதிகோணநாயகர் கோயில். 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் குன்றின் மேலிருந்த கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த திருவுருவங்களை மக்கள் மறைத்துக் கொண்டுபோய்க் காப்பாற்றினர் என்றும், அவையே பின்னர் தம்பலகாமத்தில் வைத்து வழிபடப்பட்டன என்றும் மரபு சொல்கிறது. மரபின் ஒவ்வொரு சொல்லையும் சரித்திரமாக நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அதிகாரம் இடித்ததை எளிய மக்கள் ஒளித்து வைத்துக் காத்தார்கள் என்ற கதையைத் தன் பெருமையாக ஒரு கிராமம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறதென்றால், அக்கதையைச் சொல்லும் மனங்களைப் பற்றி அது நமக்கு ஏதோ தெரிவிக்கிறது.

நாம் இங்கே பேச வந்தது திருவுருவங்களைப் பற்றியன்று. அதே கிராமத்தின் வீடுகளில், அலுமாரித் தட்டில், சேலை மடிப்புக்குள், பிஸ்கட் பேணியில், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடும் அடையாள அட்டைப் பிரதியோடும் சேர்த்துப் பேணப்படும் பழைய கைப்பேசிகளைப் பற்றியே பேச விரும்புகிறோம். பேசாத கைப்பேசிகள் அவை. பலவற்றுக்கு உயிர் இல்லை; சிலவற்றுக்கு முகப்புக் கண்ணாடியே இல்லை. விற்கப்போனால் கடைக்காரர் நூறு ரூபாவும் தரமாட்டார். ஆனால் அவற்றை எறிந்துவிடும்படி சொல்லிப் பாருங்கள்!

நாம் சென்றிருந்த வீடொன்றில் அப்படி ஒரு நொக்கியா கைக்குட்டையில் பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. மின்கலம் ஊதிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று உடன் வந்த மாணவர் கேட்டார். “கிடக்கட்டும் மகன், அது என்ன சோறா கேக்குது?” என்றார் அந்த அம்மா. மாணவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இந்தப் பற்றை வெறும் மனநெகிழ்ச்சி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில், உபயோகமற்ற மின்சாதனங்களை மக்கள் ஏன் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். மறுபடி உதவலாம் என்றவர்கள் 46 வீதத்தினர். அதன்மேல் பாசம் உண்டு என்றவர்கள் 13 வீதத்தினர். உபயோகம் ஒரு கட்டம், பாசம் வேறொரு கட்டம். தம்பலகாமத்து அம்மாவிடம் அந்தப் படிவத்தைக் கொடுத்தால் எந்தக் கட்டத்தில் அடையாளம் இடுவார்? அவருக்கு அந்தக் கைப்பேசி இன்னும் ஒரு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அது என்ன வேலை என்று அறிய, கருவியின் சரித்திரத்தையும் மாவட்டத்தின் சரித்திரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இலங்கைக்குக் கைப்பேசி வந்தது 1989ஆம் ஆண்டில். செல்டெல் நிறுவனம் தொடங்கிய அந்தச் சேவையே தென்னாசியாவின் முதலாவது என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமை கொழும்புக்குரியது. செங்கல் அளவான அந்தக் கருவி வியாபாரிகளின் மோட்டார் வண்டிகளிலும் உயர் அதிகாரிகளின் மேசைகளிலும் இருந்தது. 1995இல் டயலொக் ஜி.எஸ்.எம். முறையைக் கொண்டுவந்த பின்னரும் நெடுநாள் அது பணக்காரர் பொருளே. வடக்கிலும் கிழக்கிலும் அப்போது போர். திருகோணமலை மாவட்டத்துக் கமக்காரர் வீட்டில் தூரத்துக் குரல் கேட்க வழி ஒன்றே ஒன்று இருந்தது: ஒலிநாடா. சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போன பெண்கள் தம் குரலை ஒலிநாடாவில் பதித்து, ஊர் திரும்புபவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அது கடிதத்தினும் மேலானது. அந்த ஒலிநாடாக்களும் இன்று பல வீடுகளில் கிடக்கின்றன. அவற்றைப் போட்டுக் கேட்கும் பெட்டிதான் இல்லை.

1998 பெப்ரவரி 1ஆம் திகதி தம்பலகாமம் பாரதிபுரத்தில் எட்டுத் தமிழர் கொல்லப்பட்டனர். சுதந்திரத்தின் பொன்விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. அந்த நாளில் இந்த ஊர் மக்களின் கையில் கைப்பேசி இருக்கவில்லை. துயரச் செய்தி கால்நடையாகவும் சைக்கிளிலும் பஸ்ஸிலும்தான் பரவ வேண்டியிருந்தது. இறந்தவரை நினைக்க அக்காலத்து வீடுகளில் எஞ்சியவை ஒரு புகைப்படமும் ஓர் உடுப்பும். குரலோ எழுத்தோ எஞ்சுவது அரிது. நான்கு வருடங்களுக்குப் பின், 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. கைப்பேசிக் கோபுரங்கள் இப்பகுதிகளில் பரவலாக எழுந்தது அதன் பின்னரே. சமாதானம் நிலைக்கவில்லை, கோபுரங்கள் நிலைத்தன.

சரியாக அக்காலத்தில் நொக்கியா 1100 வந்தது. 2003இல் வெளியான அந்தக் கருவி உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. நிழற்படம் எடுக்காது, பாட்டுப் படிக்காது. ஆனால் தூசு புகாத விசைப்பலகை, வியர்த்த கையிலும் வழுக்காத விளிம்பு, தலையில் ஒரு டோர்ச் விளக்கு. ஏழை நாடுகளின் சந்தையைப் பிடிக்கவே இப்படிச் செய்தார்கள் என்பது உண்மை. இலாபத்தைக் கருதிச் செய்ததாயினும் உழைப்பவன் கைக்கு ஏற்ற பொருளாக அமைந்தது என்பதும் உண்மை. இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவனுக்கு வரம்பில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க அந்த டோர்ச் போதும். யானை இறங்கிவிட்டதென்று அடுத்த காவற்பரணுக்குச் சொல்லவும், வாய்க்காலில் எப்போது நீர் வரும் என்று வட்டவிதானையைக் கேட்கவும் அதே கருவி. மேசைமேல் வைக்கும் அலங்காரமாக இருந்த தொலைபேசி, மண்வெட்டியோடும் கத்தியோடும் சேர்ந்து இடுப்பில் ஏறிய காலம் அது.

அதைக் கையாண்ட முறையும் நமது மக்களின் சொந்தக் கண்டுபிடிப்பே. அழைத்தால் காசு, அழைக்காமல் மணியை மட்டும் அடிக்கவிட்டு நிறுத்தினால் காசில்லை. ஒருமுறை அடித்தால் புறப்பட்டுவிட்டேன், இருமுறை அடித்தால் வந்து சேர்ந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வீடு ஒரு பாஷை உருவாயிற்று. ஆசிய நாடுகளின் வறிய மக்கள் தொலைபேசியைப் பயன்படுத்தும் விதத்தைப் பல வருடம் ஆராய்ந்த கொழும்பின் லேர்ன்ஏசியா நிறுவனமும் இந்த ‘மிஸ் கோல்’ வழக்கத்தைக் குறித்திருக்கிறது. கட்டணம் விதித்தவன் எதிர்பாராத பாஷை அது.

குறுஞ்செய்தியின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. 1992 டிசம்பரில் இங்கிலாந்தில் முதலாவது குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. ஒரு செய்தியில் 160 எழுத்து அடங்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு ரோமன் எழுத்துக்குரியது. தமிழில் எழுதினால் 70 தான் அடங்கும். அதுவும் கருவி தமிழ் அறிந்திருந்தால். நமது மக்களின் கைகளுக்கு அன்று வந்தவற்றில் பெரும்பாலானவை தமிழ் அறியாதவை. ஆகவே நமது பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். எழுத்துக்கூட்டலுக்கு ஒரு விதியும் இல்லை; அவரவர் காதுக்குக் கேட்டபடி எழுதினர். தமிழ்ப் புலவர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்த மகன் தம்பலகாமத்துத் தாய்க்கு எழுதிய கடிதங்கள் இவையே. தாய்க்குத் தமிழ் எழுத்துத் தெரியும், ஆங்கில எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். பெற்ற தாய் தன் மகன் அனுப்பிய சொல்லைத் தானே வாசிக்க முடியாமல் பாதுகாத்து வைத்திருந்தார். காலனித்துவம் மொழியில் விட்டுச்சென்ற வடு என்று நாம் மேடைகளில் பேசுவதன் நேரடி உருவம் இது.

இன்னொன்றும் உண்டு. அக்காலத்துக் கருவிகளில் சில பத்துச் செய்திகளுக்கே இடம் இருந்தது. பெட்டி நிறைந்துவிட்டால் புதியது நுழையாது. எதையேனும் அழித்தாக வேண்டும். ‘எங்கே நிற்கிறாய்’ என்பதை அழிக்கலாம், ‘அம்மா, கோபமா?’ என்பதை அழிக்கலாமா? இன்றைய பிள்ளைகளின் கருவியில் ஆயிரமாயிரம் செய்திகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றையும் தெரிந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. பழைய கைப்பேசியில் எஞ்சியிருப்பவையோ மற்றவற்றை அழித்து, எண்ணி எண்ணிக் காப்பாற்றப்பட்டவை.

பின்னர் போர் திரும்பிற்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். மகனின் கைப்பேசியிலிருந்து அந்த மாலையில் தமக்கு அழைப்பும் செய்தியும் வந்ததை ஒரு தந்தை உலகறியச் சாட்சி சொன்னார். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்ற கதையை மறுத்துத் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டியவை சுடரொளிச் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பதின்மூன்று பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். ஐந்து உயிர்கள் போன அந்த மாலையைப் பற்றிப் பெற்றோரிடம் இருப்பது நினைவு; நீதிமன்றத்தின் ஏட்டில் இருப்பது விடுதலைத் தீர்ப்பு.

அவ்வருடம் ஜூலையில் மாவிலாறு அடைக்கப்பட்டது. ஓகஸ்டில் மூதூர் மக்கள் பல்லாயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் நடந்தனர். ஓடும்போது எதைக் கையில் எடுப்பது என்ற கேள்விக்கு 1990இல் ஓடியவர்கள் வேறு விடை சொல்லியிருப்பார்கள். 2006இல் ஓடியவர்கள் கைப்பேசியை எடுத்தார்கள், ஏனெனில் சிதறிய குடும்பத்தைக் கூட்டிச் சேர்க்கும் கயிறு அது ஒன்றே. அதே கயிறு கழுத்தையும் சுற்றியது. சோதனைச் சாவடியில் கைப்பேசியை வாங்கி, யார் யாருடைய எண் இருக்கிறது என்று பார்ப்பார்கள். 2008இல் சிம் அட்டை தமக்கே உரியது என்பதற்கான பத்திரத்தையும் உடன் கொண்டுதிரிய வேண்டும் என்ற விதி வந்தது. பயத்தில் எண்களை அழித்தவர் பலர். இன்று அந்த எண்ணுக்குரியவர் எங்கே என்று தேடுகிறவர்களும் அவர்களே.

காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவின் முன் சென்றன. 2013இல் அமைந்த இன்னோர் ஆணைக்குழுவின் முன்னும், பிறகு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் முன்னும் அதே கோப்பைச் சுமந்து சென்றன. ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்: என்ன திகதி, எத்தனை மணி, கடைசியாக எப்போது பேசினீர்கள்? தாய்மார் விடையைக் கைப்பேசியில் வைத்திருந்தார்கள். அரசு தன் ஏட்டில் எழுதாததை எழுதி வைத்திருந்த ஏடு அந்தக் கைப்பேசிதான். அலுமாரிக்குள் அது இன்னும் செய்துகொண்டிருக்கும் வேலை இதுவே என்பது நமது துணிபு.

திரும்பி வராதவரின் எண்ணுக்கு இன்னும் அழைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உபயோகிக்காத எண்ணை நிறுவனங்கள் சில காலத்தின் பின் வேறொருவருக்கு விற்றுவிடும். ஒருநாள் மணி அடிக்கும்; யாரோ ‘ஹலோ’ என்பார்; அது அந்தக் குரலாக இராது. யப்பானில் ஒட்சுச்சி என்ற ஊரில் தோட்டமொன்றில் கம்பி இணைப்பில்லாத தொலைபேசிக் கூண்டு ஒன்று இருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கடற்பேரலையில் உறவினரை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கு வந்து, இறந்தவரோடு பேசிவிட்டுப் போனார்கள். 2004இல் அதே பேரலையை அனுபவித்த நமது கரையோர மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இறந்தார் என்று அறிந்தவரோடு பேசுவது வேறு. இருக்கிறாரா இல்லையா என்றே சொல்லப்படாதவரை அழைப்பது வேறு.

இங்கே நமது நண்பர் ஒருவர் குறுக்கிடலாம்: பொருளின்மேல் இத்தனை பற்று வைப்பது, மார்க்ஸ் சொன்ன பண்ட மாயைதானே? நல்ல கேள்வி. பண்ட மாயை குடிகொள்வது கடைக் கண்ணாடிக்குள் மின்னும் புதுக் கருவியில். அதைச் செய்த கை நமக்குத் தெரிவதில்லை. கொங்கோவில் கோபால்ட் தோண்டும் கை தெரிவதில்லை. ஸ்ரீபெரும்புதூரின் பெண்களும் தெரிவதில்லை. 2006இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கிய நொக்கியா தொழிற்சாலையில் பெரும்பான்மையோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். கோடிக்கணக்கில் கைப்பேசிகள் அவர்கள் கையால் உருவாயின. 2010இல் இயந்திரத்தில் சிக்கி ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தாள். வரித் தகராறும் கைமாற்றமும் சேர, 2014 நவம்பர் 1இல் தொழிற்சாலை மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். தம்பலகாமத்து அலுமாரியில் கிடக்கும் கருவியின் மின்கலத்தைக் கழற்றினால் உள்ளே ‘இந்தியாவில் செய்தது’ என்று இருக்கக்கூடும். ஒரு தமிழ்ப் பெண் பொருத்தியதை இன்னொரு தமிழ்ப் பெண் பொதிந்து வைத்திருக்கிறாள்; ஒருவரையொருவர் அறியார். மாற்றுப் பெறுமதி முழுவதும் வடிந்துபோய், எழுத்துத் தேய்ந்த விசைகளும் கைவியர்வையின் கறையும் மட்டும் மிஞ்சிய பொருளில் சந்தைக்கு இனி எந்தப் பங்கும் இல்லை. பண்டமாக இருப்பதை அது நிறுத்திக்கொண்டுவிட்டது.

சந்தை இந்தப் பற்றையும் விற்கத் தெரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000இல் வந்த நொக்கியா 3310 என்ற மாதிரியை 2017இல் மீண்டும் வெளியிட்டார்கள். பெயரும் உருவமும் பழையவை, பொருள் புதியது. நினைவுக்கு விலைச்சீட்டு ஒட்டினார்கள். 1924இல் மின்குமிழ்க் கம்பனிகள் கூடி, ஒரு குமிழ் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று ஒப்பந்தம் செய்ததிலிருந்து, பழைய ஐஃபோன்களின் வேகத்தைத் தாம் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது வரை, பொருளுக்கு வயதை நிர்ணயித்தவன் உற்பத்தியாளன். பழையதாகிவிட்டது என்ற தீர்ப்பை நாம் அவனிடமிருந்து கடனாக வாங்குகிறோம்.

ஆயினும் பழைய கைப்பேசியைப் புனிதமாக்கிவிடவும் நாம் தயாரில்லை. 2020இலும் 2021இலும் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்து பாடங்கள் திரைக்கு மாறியபோது, பொத்தான் கைப்பேசி மட்டுமே இருந்த வீட்டுப் பிள்ளை படிப்பை இழந்தது. 2022இல் ரூபா சரிந்து ஒரு டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது பழைய கருவியைப் பலர் வைத்துக்கொண்டது பாசத்தால் அல்ல; புதியது வாங்க வழியில்லாததால். இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு அந்த மாணவரின் முகங்கள் நினைவிருக்கும். வறுமையை எளிமை என்று பாராட்டும் எழுத்தாளர் கூட்டத்தில் நாம் சேர வேண்டாம்.

அவசரமான காரியம் ஒன்று உண்டு. இந்தக் கருவிகள் நிரந்தரமானவை அல்ல. மின்கலம் ஊதி வெடிக்கலாம், உப்புக் காற்றில் தொடுமுனைகள் துருப்பிடிக்கலாம், நினைவகச் சில்லும் வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் மெல்ல மறக்கும். அதிலிருப்பதைப் பிரதி செய்யப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. திகதி, நேரம், எண், சொல் என நான்கு கோடு போட்ட ஒரு கொப்பி போதும். எங்கோ ஒரு சர்வகலாசாலை இதற்கொரு திட்டம் வகுக்கும் வரை காத்திருந்தால், வாசிக்க ஒன்றும் எஞ்சாது. க.பொ.த. உயர்தரத்தில் சரித்திரம் படிக்கும் மாணவர் ஒருவர், உரியவரின் சம்மதத்தோடு, ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடியது. நாம் சென்ற வீட்டிலும் அதுவே நடந்தது.

சந்தியிலுள்ள கைப்பேசிக் கடையில் திருத்துகிற இளைஞர், முதலில் ஊதிய மின்கலத்தை மெதுவாக நெம்பி எடுத்து வெளியே மணலில் வைத்தார். நொக்கியாவின் பி.எல்.-5சி மின்கலம் அவரிடம் இருந்தது. கையடக்க வானொலிகளுக்கும் அது பொருந்துவதால் இன்றும் விலைப்படுகிறதாம். மேசை அறையிலிருந்து தடித்த ஊசி, மெல்லிய ஊசி என்று இரண்டு பழைய சார்ஜர்களை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். சிம் இல்லாமல் உள்ளே போக விடாது என்று தம்முடைய அட்டை ஒன்றைப் போட்டார். மஞ்சள் பச்சையாகத் திரை விழித்தது. நேரத்தையும் திகதியையும் கேட்டது. இன்றைய திகதியைப் போடவா என்று இளைஞர் அம்மாவைப் பார்த்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை, செய்திப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

பதினொரு செய்திகள் இருந்தன. எல்லாம் ஒரே எண்ணிலிருந்து வந்தவை, கடைசியானது 2008க்குரியது. மாணவர் கொப்பியில் கோடு போட்டு, ஆங்கில எழுத்தில் இருந்ததைத் தமிழில் எழுதத் தொடங்கினார். முதலாவது: “அம்மா சாப்பிட்டீங்களா. சம்பளம் இன்னும் வரல்ல. வெள்ளிக்கிழமை பாப்பம்.” எழுதி முடித்துக் கொப்பியை அம்மாவின் பக்கம் திருப்பினார். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, தாமே வாசித்தார்.